மஸ்கட்டுக்கு இறக்கம், சென்னைக்கு ஏற்றம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு விமானம் ஓட்டுகிறவர்கள் மேல் தீராத கோபம் இருந்தது. அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது இங்கே மாலை நாலுக்கு ஏறி, அங்கே ஆறரைக்கு இறங்கிவிட்டாள். இரண்டரை மணி நேரம். முதல் லீவுக்கு வந்தபோதோ அங்கே காலை ஒன்பதரைக்கு ஏறி, இங்கே மூன்று மணிக்குத்தான் இறங்கினாள். ஐந்தரை மணி நேரம்! கொண்டுபோகும்போது பறக்கிறார்கள், கொண்டுவரும்போது உருட்டுகிறார்கள். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பதை வீட்டில் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

நியாயம் கேட்க மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி, அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டுபவர்.

"இன்னா பாப்பா, இதுகூடத் தெரியாதா? மஸ்கட்டு பள்ளத்துல கீது, நம்மூரு மேட்டுல கீது. லோடு ஏத்திகினு பாடி பாலத்துல ஏறுனா நம்ம வண்டி எப்டி முக்குது? ஏரோப்ளேனும் அப்டித்தான்."

மாமா துளியும் சிரிக்கவில்லை. அதனால் நம்பிவிட்டேன். போன லீவுக்கு அம்மா இரண்டு பெட்டி நிறைய பால் பவுடரும் பேரீச்சம்பழமும் கம்பளியும் கொண்டுவந்திருந்தாள். பின்னே விமானம் எப்படி ஏறும்? பாரத்தைக் குறைத்தால் வருவதும் இரண்டரை மணி நேரம்தான். பக்கத்து வீட்டு அங்கிள் காட்பாடியிலிருந்து இரண்டரை மணி நேர ரயிலில் சனிக்கிழமைதோறும் வருகிறாரே, அதுபோல அம்மாவும் வரலாம். விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை போன் வந்தால் முதல் பேச்சே இதுதான்.

"ம்மா, வரும்போது ஒண்ணும் எடுத்துகினு வராத."

"சாக்லேட்டும் வாணாமா?"

"வாணாம்." அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

லீவுக்கு இன்னும் பல மாதம் இருக்கும்போது, ஒரு நாள் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு, மாமாவின் ஆட்டோவில் மீனம்பாக்கம் போனார். அம்மா வருகிறாள் என்று மட்டும் சொன்னார். விமானம் கொஞ்சம் முன்னாலேயே இறங்கியிருந்தது. அம்மா கையில் ஒரு ஹேண்ட்பேக். வேறு ஒன்றுமே இல்லை.

"பாத்தியா மாமா! லோடு இல்ல, சீக்கிரம் வந்துட்ச்சி!" நான் குதித்த குதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆமா பாப்பா. நீ சொன்னேன்னுதான்."

"இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வருவியா?"

"இனிமே போவவே மாட்டேன்."

திரும்பும்போது பாடி பாலத்தில் ஆட்டோ வழக்கம்போல முக்கியது. "லோடுதான் இல்லியே மாமா?" என்று கேட்டேன். மாமா கியரைக் குறைத்து வண்டியை இன்னும் முறுக்கினார்.

அடுத்த வாரமே அம்மா முகப்பேரில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மஸ்கட்டில் முதலாளி ஆஸ்பத்திரியை மூடிவிட்டு ஓடிப்போனதும், நர்சுகளின் பெட்டிகளை உள்ளே வைத்தே விடுதியைப் பூட்டியதும், உடுத்திய துணியோடு அம்மா தப்பி வந்ததும் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதுவும் எடுத்து வராதே என்றேன், அம்மா என் பேச்சைக் கேட்டாள்.