கடலைக்கு ஏது கதிர்?

போன தை மாதம், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் பக்கம் நடந்தது இது. நான் விழுப்புரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் வாயால் கேட்டால், செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும் செயலி ஒன்றைச் செய்து, சோதனைக்காகச் சில குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தோம். பதிலின் வேகம், தெளிவு, உச்சரிப்பு ஆகியவற்றை நேரில் பார்த்துக் குறித்து வருவது என் பொறுப்பு.

அன்று போனது ஒரு கணவன் மனைவி வீட்டுக்கு. குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர்தான் அவர்கள் பிழைப்பு. அதில் கடலை போட்டிருந்தார்கள். அந்த அக்கா கணவரின் போனை வாங்கி, "மல்லாட்டையில புல்லு மண்டிக் கெடக்குது, இன்னா மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். மருந்தின் பெயர், அளவு, அடிக்கும் முறை எல்லாம் தடுமாறாமல் வந்தன. அவர் கணவர், அந்த அண்ணன், மருந்தின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, போனை என்னிடமே விட்டுவிட்டு, திண்டிவனத்துக்கு வண்டியைக் கிளப்பினார்.

வேகத்துக்கும் தெளிவுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, பதிலைத் திரையில் இன்னொரு முறை படித்தேன். கடைசி வரியில், கதிர் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் குறையக் கூடாது என்று இருந்தது.

கடலைக்கு ஏது கதிர்?

நிலக்கடலைக்கு இந்தப் பக்கம் சொல்லும் மல்லாட்டை என்ற வார்த்தையைச் செயலி மக்காச்சோளம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்தை விட்டுவிட்டுக் களையை மட்டும் அழிக்கும் மருந்து அது. கடலையில் அடித்தால் புல்லோடு பயிரும் கருகிவிடும். அண்ணனைக் கூப்பிடலாம் என்றால், அவர் போன் என் கையில்.

அக்காவை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். "ஜல்தி போம்மா, அந்தாளு வாங்கினா நேரா கொல்லிக்குப் போயி பயிர்ல அடிச்சிடுவாரு!" என்று வழி முழுக்க முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். உரக்கடைக்குப் போனபோது அண்ணன் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அத அடிக்காதீங்க!"

"இன்னாம்மா, உன் ஆப்புதான சொல்லுச்சு?"

"அதுக்கு மல்லாட்டைன்னா தெரியலண்ணா. சோளம்னு நெனச்சிக்கினு சொல்லிடுச்சு."

கடைக்காரர் மருந்தைத் திரும்ப வாங்கி வைத்தார். "நானும் சோளத்துக்குன்னுதான் எடுத்துக் குடுத்தேன். மல்லாட்டை தெரியாத போன எடுத்துக்கினு திண்டிவனத்துக்கு வந்தியாம்மா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டிலும் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஆனால் நாங்கள் எழுதிப் பார்த்த சோதனைக் கேள்விகளில் எல்லாம் நிலக்கடலை என்றே இருந்தது. மறுநாளே வேலையைத் தொடங்கினோம். முதலில் இந்தப் பக்கத்துப் பயிர்ப் பெயர்களைச் சேர்த்தோம். சரிபார்த்த வேளாண் குறிப்புகளில் இருப்பதை மட்டுமே சொல்லும்படி கட்டுப்படுத்தினோம். புரியாத வார்த்தை வந்தால் ஊகிக்காமல் திருப்பிக் கேட்க வைத்தோம். இதில்தான் நாள் பிடித்தது.

புதிய செயலியோடு மறுபடி போனேன். அண்ணன் வேண்டுமென்றே ஏதேதோ கேட்டுப் பார்த்தார். "இன்னாம்மா, இப்ப எதக் கேட்டாலும் தெரியலன்னே சொல்லுது?" என்று கிண்டல் செய்தார்.

"சொல்லட்டும். அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு வண்டி பெட்ரோலு மிச்சம்" என்றார் அக்கா.

செயலியைச் சோதிக்கும் என் பட்டியலில் இப்போது வேகம் கடைசியில் இருக்கிறது. ஒரு பதில் தடங்கலே இல்லாமல் அழகாக வந்தால், அதற்குள் எங்காவது கதிர் முளைத்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.