நிறம் பார்க்கும் இடத்தில் எஸ்தரின் செடி

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். மாகறலிலிருந்து அவள் வீட்டுக்காரர் பேசினார். "எஸ்தர் பூட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு மீதி விளக்குகளையும் போட்டேன். அந்தச் செய்திக்கு ஏன் "சரிங்க" என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடைக்கு வந்தவர்களுக்கு எஸ்தரைத் தெரியாமல் இருக்காது. உங்களில் பலருக்குக் கூரைப்புடவையை விரித்துக் காட்டியவள் அவள்தான். புடவை விரிக்கும் பக்கத்து மெத்தையில் வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தவள் நான், கோமதி. இருவரும் ஒரே வருடத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே பாதி சாப்பிடுவேன். "சைவக்காரிக்கு இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?" என்று கேட்பாள்.

அவளை நினைத்தால் அந்தச் செடிதான் முன்னால் வந்து நிற்கிறது. மகள் ரூத் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. மான்ஸ்டெராவாம். எங்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை, ஓட்டை இலைச் செடி என்றோம். எஸ்தர் வீட்டின் ஒரே ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். வெளியே வைத்தால் ஆடு விடாது. அதனால் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்கே வந்துவிட்டாள். முதலாளி பார்த்துவிட்டு, "பூச்சி தின்ன செடிய எதுக்கும்மா தூக்கிக்கினு வந்த?" என்றார். "பூச்சி இல்ல சார், பொறப்பே அப்பிடி" என்றாள் எஸ்தர்.

எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் தப்புப் பண்ணினோம். பிள்ளையார்பாளையத்தில் என் பிறந்த வீட்டில் சாயம் போட்ட பட்டு நூலை நிழலில்தான் உலர்த்துவோம். கடையிலும் கண்ணாடிக் கதவுக்குத் திரை. நல்ல பொருள் என்றால் வெயில் படாமல் பத்திரப்படுத்துவதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. செடியையும் அப்படியே கடைக்கோடிக்குக் கொண்டுபோய், பீரோ பக்கத்தில் வைத்தோம். அது காம்பை மட்டும் நீட்டிக்கொண்டு, ஓட்டையே இல்லாத சின்னச் சின்ன இலைகளாக விட்டது. பட்டு வெயிலில் வெளுக்கும், இது நிழலில் வெளுத்தது. பயந்துபோய் வாசற்படியில் தூக்கி வைத்தோம். அங்கே இலையெல்லாம் அப்பளம் கருகியதுபோல் பொத்தல் பொத்தலாய்த் தீய்ந்தது.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டார் கத்தரிப்பூ நிறப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, இது நீலமா ஊதாவா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டியூப்லைட்டை நம்பி யாரும் பட்டு எடுப்பதில்லை. எஸ்தர் வழக்கம்போல் புடவையைக் கதவோரம் கொண்டுபோய், திரையை ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில் காட்டினாள். வெயில் எட்டாத, ஆனால் நிறம் உள்ளபடி தெரிகிற இடம் அது. அவர்கள் சமாதானமாகிப் புடவையோடு போனார்கள். எஸ்தர் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "கோமதி, இங்கதாம்மா. இத்தினி நாளா இங்கதான நின்னுக்கினு இருக்கோம்" என்றாள்.

அன்றிலிருந்து நிறம் பார்க்கும் இடத்தில் செடி குடியேறியது. தினமும் காலையில் இலைக்கு மேல் கையை நீட்டி நிழலைப் பார்ப்பாள். "நெழலு கத்தரியால வெட்டுனாப்ல விழுந்தா வெயில் ஜாஸ்தி. கலங்குனாப்ல விழுந்தா சரியான வெளிச்சம். நெழலே விழலன்னா செடி பட்டினி." இதைக் கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. நிழலுக்கு ஏற்பத் தொட்டியை ஒரு டைல்ஸ் உள்ளே தள்ளுவாள், ஒரு டைல்ஸ் வெளியே இழுப்பாள். "மாமியார் கூட உன்ன இவ்ளோ வேலை வாங்கியிருக்க மாட்டா" என்பேன். புது இலை விரிந்தால் அன்றைக்கே ரூத்துக்குப் போட்டோ போகும். அம்மாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. இலைதான் கடிதம்.

அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். ரூத் வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் முதலாளியே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை குறைவு என்றுகூட நினைத்தேன்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று எஸ்தரின் படத்தை உள்ளறையில், பேக்கிங் மேஜைக்கு மேலே மாலை போட்டு மாட்டினோம். "அவ செடி அவகிட்டயே இருக்கட்டும்" என்று யாரோ சொல்ல, தொட்டியும் படத்துக்குக் கீழே போனது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பாசமாய்த் தண்ணீர் ஊற்றினோம். ஒருவரும் கையை நீட்டி நிழல் பார்க்கவில்லை. மரியாதை என்று நினைத்து மறுபடியும் அதே தப்பு.

குவைத்துக்குத் திரும்பிப் போன ரூத்திடமிருந்து ஒருநாள் செய்தி வந்தது. "ஆன்ட்டி, புது இலை வந்துச்சா? போட்டோ அனுப்புறீங்களா?" அப்போதுதான் உள்ளே போய் ஒழுங்காகப் பார்த்தேன். அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன. காம்பு வளைந்து, கதவு இருக்கும் திசையை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒரே ஒரு புது இலை, சுருட்டிய பாயைப் போல, விரிவதா வேண்டாமா என்று நின்றது. இதுவும் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தேன். முகூர்த்த மாதம், கடை நிறையக் கூட்டம். செத்துப்போனவள் செடியை நிறம் பார்க்கும் இடத்தில் வைத்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்றிருந்தது. அவர் என்னையும் தொட்டியையும் பார்த்தார். பிறகு வந்து மறுபக்கம் பிடித்தார். "கனமா இருக்குது. தனியா ஏம்மா தூக்குற? அது எஸ்தர் இடந்தான, வை" என்றார்.

இலை விரிந்தது. வெளிர் பச்சை, ஓரத்தில் இரண்டு கிழிசல், நடுவில் ஓர் ஓட்டை. போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போனில் ரூத்தின் குரல் பதிவு வந்தது. "ஆன்ட்டி, நெழலு வெட்டுனாப்ல விழுது பாருங்க. ஒரு டைல்ஸ் உள்ள தள்ளுங்கம்மா."

அப்படியே எஸ்தரின் குரல். நான் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நிழல்தான். காலையில் கடை திறந்ததும் என் கையை இலைக்கு மேல் நீட்டுகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். அன்றைக்கு ரூத்திடம் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை உள்ளே தள்ளினேன். எதற்குச் சரி என்கிறேன் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது.