பயத்தின் சத்தம்

போன மாதம், சிடாம் கிரி ஊர்ப் பக்கம் என் மகள் படிக்கும் பாலர் பள்ளிக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் காலிப் போத்தலில் ஆளுக்கொரு கிலுகிலுப்பை செய்ய வேண்டும். மகிழ்ச்சியோ கோபமோ, ஓர் உணர்ச்சியைத் தேர்ந்து அதன் சத்தத்தை உள்ளே அடைக்க வேண்டும். பச்சைப்பயறு, மணல், ரப்பர் மரக் கொட்டை எல்லாம் தட்டுகளில் இருந்தன. பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன் என்று எனக்கு முன்வரிசை மரியாதை. ஐந்து வயதுக்காரர்களின் நாற்காலி. என்னில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டது.

மகள் ரப்பர் கொட்டைகளைப் போட்டு மூடி, கடகடவென்று ஆட்டினாள்.

"இது என்னம்மா?" என்றார் டீச்சர்.

"பயம், டீச்சர்."

"பேய் வர்ற சத்தமா?"

"இல்ல. அப்பா சிரிக்கிற சத்தம்."

கூடமே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

"ஆங், இதான்!" என்று என்னைக் கை காட்டினாள்.

"அண்ணே, இவ்ளோ கரெக்டா ஒங்கள யாரும் விமர்சனம் பண்ணதில்ல லா," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்ப பயந்த?"

"யான் ஊருக்குக் காடியில போறப்ப. ஜெராய் மலை எங்க காடிய தொரத்திக்கிட்டே வந்துச்சு. நான் அழுதேன். அப்பா சிரிச்சாரு. அப்புறம் சாப்பாட்டுக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இப்ப நான் அப்பாகிட்ட சொல்றதில்ல."

"எத?"

"ஒண்ணுமே."

அந்த மலையை வைத்து நான் ஒரு பத்தியே எழுதியிருந்தேன். பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது அந்த ஆறுதலே எனக்கு அதிர்ச்சி. நாலு மாதமாக அவள் வீட்டில் சத்தமில்லாமல் இருப்பதைப் பார்த்து, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். பொறுப்பல்ல, என்னிடம் பேச்சை நிறுத்தியிருக்கிறாள்.

இதை எழுதலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். பதில் சொல்லுமுன் என் வாயை உற்றுப் பார்த்தாள், சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று.

"மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

எழுதிப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் கையை உயர்த்தி, "இது வேணாம்," என்றாள். எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

எடுத்துவிட்டேன்.