மிளகு காய்ந்த பாலம்

போன மாதம் என் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி, கூரைக் கம்பி துருவேறி, சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. ஈரத்துருவின் வாசனையில் எங்கள் மலைக்கிராமமான தலைச்சோலைக்குப் போகும் பாலம் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் அதன்மேல் மிளகு காயவைப்போம். மிளகு ஓடையில் விழாதிருக்க, மழைநீர் வடியும் ஓட்டைகளை அப்பா சாக்குத்துணியால் அடைப்பார். மழைக்கு முன் அதைப் பிடுங்குவது என் வேலை. வருடக்கணக்காக நான் பிடுங்கவேயில்லை. தேங்கிய நீர் இறங்கி, உள்ளே கம்பிகள் துருப்பிடித்து உப்பின. அடியில் காரை உதிர்ந்தது.

"ஓட்டைய அடைச்சது யாருங்க?" என்றார் சாலை மேஸ்திரி.

"குருவியா இருக்குமுங்க," என்றார் அப்பா.

"சாக்குலயா கூடு கட்டுதுங்க உங்க ஊருக் குருவி?"

பாலத்தை மூடினார்கள். பஸ் வரவில்லை. அதில் ஏற்காட்டுக்குப் போய் எட்டாவது படித்துக்கொண்டிருந்த அக்கா, படிப்பை விட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். துணியைப் பிடுங்காதவன் நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.