பப்பிக்குப் பெரிய பாதி

பெயர் மௌனிகா. வைத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதிக்குள் அவள் வருகிறாள் என்பது முக்குத் திரும்பும்போதே தெரிந்துவிடும். பகலெல்லாம் கிரைண்டர் கம்பெனியில், மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து அனுப்புகிற வேலை. அங்கே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். அந்தக் குரலை அவள் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. தண்ணீர் லாரிக்காரர் முதல் கேபிள்காரர் வரை எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். நானும் உண்டு, குப்பையைப் பிரிக்காமல் போட்டதற்காக.

ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவளும் அவள்தான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். "மூஞ்சியப் பாத்தாப் போதுங்க்கா, வவுறு காஞ்சு கெடக்குதான்னு சொல்லிப்போடுவேன்" என்பாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, பல தடவை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமைக்குத்தான் போன சித்திரையில் ஓர் அடி விழுந்தது.

அவள் வீட்டை ஒட்டிய வீடு வேலன் அண்ணனுடையது. லேத் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பொன்னாத்தாள், பிறகு பப்பி. பப்பி என்பது செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். குட்டியாக வந்தபோது வைத்த பெயர். இப்போது மூக்கெல்லாம் நரைத்துவிட்டது, ஆனாலும் பப்பிதான்.

மாசியில் பொன்னாத்தாள் புனேக்குப் போய்விட்டார். மகள் இனியா அங்கே மாசமாக இருந்தாள். எழுந்து நடக்கவே கூடாது, பிரயாணமெல்லாம் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாததால் தாய் மகள் வீட்டுக்குப் போனார். "பப்பிய யாரு பாப்பாங்க? நான் இருந்துக்கறேன், நீ போ" என்று வேலன் அண்ணன் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

பங்குனி முடிவதற்குள் பப்பியின் விலா எலும்புகளை மொட்டை மாடியில் நின்றே எண்ணலாம் போல ஆகிவிட்டது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் மௌனிகா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து எனக்குத்தான் கச்சேரி. "நாய் பாக்கறதுக்குன்னு இருந்துக்கிட்ட மனுசனுங்க்கா அது! தட்டத்தெப் பாத்தீங்களா? சோத்துப் பருக்கை ஒண்ணுகூட இல்லீங்க. பன்னுத் துணுக்குக் கெடக்குது. நாய்க்கு யாராச்சும் பன்னு போடுவாங்களா?"

"நேரில் கேட்டுப் பாரேன்" என்றேன்.

கேட்டாளாம். எப்படிக் கேட்டாள் தெரியுமா? ஊரையே கிழிக்கிற வாய், வேலன் அண்ணன் வாசலில் வந்து நின்றதும் பணிந்துவிட்டது. "ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?" "ஆச்சுங்க அம்மணி." "பப்பிக்கு?" "அதுக்கும் ஆச்சுங்க." அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைக் கேட்கிறோம், எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறோம்! யாரும் அதற்குமேல் துருவுவதில்லை. துருவினால் மரியாதை இல்லை.

சாயங்காலம் பொன்னாத்தாள் வீடியோவில் கூப்பிடுவார். நடுச்சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். "சாப்டீங்களா?" "ஆச்சு." "பப்பியக் காட்டுங்க." அவர் போனைக் கொண்டுபோய் நாயின் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். முகம் மட்டும்தான். அதை மாடியிலிருந்து பார்த்த அன்று மௌனிகாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எலும்பு தெரியாமெ மறைக்கிறாருங்க்கா! எத்தனை கள்ளத்தனம்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனும் கையுமாக மாடி ஏறினாள். நாயை வீடியோ எடுத்து வீதி வாட்ஸப் குழுவில் போடுவது, நாய்களை மீட்கிறவர்கள் நம்பருக்கும் அனுப்பி வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்வது என்று முடிவு கட்டியிருந்தாள். குழுவில் பொன்னாத்தாளும் இருக்கிறார் என்பது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

எடுக்க ஆரம்பித்தாள். தட்டு, எலும்பு, சங்கிலி. அப்போது வேலன் அண்ணன் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பேக்கரிக் கவர். படியில் உட்கார்ந்தார். கவரிலிருந்து ஒரே ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிட்டார். இரண்டு பாதியையும் கையில் வைத்துப் பார்த்தார். பெரிய பாதியை பப்பியின் தட்டில் போட்டார். சின்னதை அவர் தின்றார். தின்று முடித்து, வேட்டியில் விழுந்த துணுக்குகளையும் பொறுக்கித் தட்டில் போட்டார்.

மௌனிகா வீடியோவை நிறுத்தினாள். அந்த மாடியிலேயே உட்கார்ந்து அழுததாகச் சொன்னாள். நாய் வெற்றுடம்போடு நின்றதால் அதன் எலும்பு தெரிந்தது, மனுஷன் சட்டை போட்டிருந்தார். முகத்தைப் பார்த்தே பசியைச் சொல்கிறவள், இரண்டு மாதமாக நாயின் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். அது தன்னைத்தான் சுட்டது என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அவர் வாசலுக்குப் போனாள்.

"ஏனுங்ணா."

"வாங்க அம்மணி. சாப்டாச்சுங்களா?"

"அதெ உடுங்க. இன்னைக்கு என்ன சோறாக்குனீங்க?"

அவர் சிரித்தார். "ஆச்சுங்க, அதெல்லாம் ஆச்சு."

"ஆச்சுங்கறது கொழம்புப் பேரு இல்லீங்ணா. என்ன கொழம்பு? அதெச் சொல்லுங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். பொன்னாத்தாள் போன புதிதில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறார். பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. அன்றைக்கு சிலிண்டரை மூடியவர், பயத்தில் திறக்கவே இல்லை. ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு, தினமும் ஓட்டலில் உட்கார்ந்தால் நாலு பேர் பார்த்து பொன்னாத்தாளிடம் சொல்லிவிடுவார்கள். கடையில் வாங்கிவந்த நாய்த்தீனியை பப்பி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இவர் தின்பதைக் கொடுத்தால் மட்டும் தின்றது. அதனால் பன்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றார். "தெரிஞ்சா அடுத்த பஸ்சே ஏறி வந்துருவா. அங்கெ புள்ளெ படுத்த படுக்கையாக் கெடக்குது. அதுக்கு எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

மௌனிகா வழக்கம்போல் கத்தினாள். "உங்களுக்கு யாருங்ணா சோறு போடறேன்னு சொன்னது? நான் நாய்க்கு ஆக்கப்போறேன். தட்டத்தெ எடுத்துக்கிட்டு காலையிலயும் பொழுதோடயும் நீங்கதான் வரோணும். நீங்க பக்கத்துல உக்காந்து தின்னாத்தான் அது தின்னும்ங்கறீங்க, அதுக்கோசரம் உங்களுக்கும் ஒரு வாய் வெப்பேன். நாய்க்காக."

அவர் தலையாட்டினார். நாய்க்காக என்றால் மறுக்க வழியில்லை.

அன்றிலிருந்து பப்பிக்கு உப்பு, காரமில்லாமல் கோழியும் சோறும் வெந்தன. வேலன் அண்ணனுக்கு அரிசிம்பருப்புச் சோறு, ரசம், முட்டை. மௌனிகாவின் கணவர் கௌதமன் ஒரு நாள் போய் அவருடைய சிலிண்டரைத் திறந்து, பக்கத்திலேயே நின்று அவரைப் பால் காய்ச்ச வைத்தார். பொங்குவதற்குள் இருவரும் சேர்ந்து அடுப்பை அணைத்தார்களாம். வீடியோவை அவள் அழித்துவிட்டாள். என்னிடம்கூடக் காட்டவில்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம், மௌனிகா சோறு கொடுத்துவிட்ட தூக்குப்போசியைத் திரும்ப வாங்க வேலன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது புனேயிலிருந்து வீடியோவில் போன் வந்தது. பேத்தி பிறந்துவிட்டாள். இனியாவும் நலம். வேலன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சாப்டீங்களா?" என்று கேட்டார் பொன்னாத்தாள்.

"ஆச்சு. அரிசிம்பருப்பும் தயிரும்" என்றார். போனில் அவருக்குப் பின்னால் தூக்குப்போசியோடு நின்ற மௌனிகாவும் தெரிந்தாள்.

"பப்பியக் காட்டுங்க."

இந்த முறை அவர் முற்றத்தின் கடைசிக்குப் போய் நின்று, தலையிலிருந்து வால்வரை முழு நாயையும் காட்டினார். பப்பி வாலை ஆட்டியது.

"செரி, அது தேறிக்கிச்சு" என்றது போன். "இப்ப போனெ மௌனிகா கையில குடுங்க."

கொடுத்தார்.

"அம்மணி, அவரெ அந்தச் செவுத்துக்கிட்ட நிக்கச் சொல்லி முழுசாக் காட்டு சாமி. நான் இங்கெ வந்த நாளா எனக்கு அவரும் மூஞ்சிய மட்டுந்தான் காட்டிட்டிருக்காரு."

மௌனிகா போனைத் தூக்கிப் பிடித்தாள். வேலன் அண்ணன் சுவரோரம் போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார்.