ஆறு ஓட்டைப் பெட்டி

முதலமடையில் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை விற்கும் ஜீவிதா, அதற்கு முன் ஒன்பது வருஷம் மாங்காய் மண்டியில் பெட்டி கட்டியவள். கட்டி முடித்ததும் காதருகே வைத்துக் குலுக்குவாள். உள்ளே சத்தம் வரக்கூடாது. அவள் கட்டிய பெட்டியை யாரும் குறை சொன்னதில்லை, சொல்லவும் விடமாட்டாள்.

மலைமேல் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் பவுல்ராஜுக்கு ஒரு மதர்போர்டை வெள்ளிநிறக் கவரில் போட்டு, பபிள் ஷீட் சுற்றி, பெட்டி கட்டி கூரியரில் அனுப்பினாள். ஒரு வாரத்தில் போன் வந்தது.

"ஏம்மா, போர்டெல்லாம் ஒரே ஈரம். பெட்டியில ஆறு ஓட்டை எதுக்கும்மா? உள்ள கோழிக்குஞ்சா இருக்கு?"

ஜீவிதாவுக்குச் சுருக்கென்றது. மாங்காய்க்குக் காற்று போக ஓட்டை போட்டே பழகிய கை, இதற்கும் போட்டிருந்தது. கவரின் வாயையும் ஒட்டவில்லை. முதலமடை வெயிலுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. மலையிலோ விடாத மழை.

"வழியில கூரியர்காரங்க நனைச்சிருப்பாங்க" என்று சாதித்துவிட்டுப் போனை வைத்தாள்.

நாலாம் நாள் அதே பெட்டியில் போர்டு திரும்பி வந்தது. ஆறு ஓட்டைகளையும் பவுல்ராஜ், புண்ணுக்கு ஒட்டுவதுபோல் பிளாஸ்திரி வெட்டி ஒட்டியிருந்தார். அவள் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். சத்தமே இல்லை. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.