உறைமோர் கேட்டவர்

அன்னூர் ரோட்டை அகலப்படுத்தி நடுவே சுவர் வைத்த பிறகு ஆய்வுக்கென்று வந்தார் அவர். ரோட்டால் சனங்களுக்கு நன்மையா என்று அளக்கிறாராம். கையில் டேப்பைக் காணோம். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துத் துடைத்து அந்தச் சுவரையே பார்த்தார். மறுபடியும் நிலம் எடுக்கத்தான் நோட்டம் விடுகிறார் என்று நினைத்து, எதைக் கேட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

கடைசியில், "ஏனுங்க, உறைமோரு தீந்துபோச்சுன்னா யாரூட்டுல வாங்குவீங்க?" என்றார்.

இதிலென்ன வில்லங்கமோ என்று யோசித்தபடியே, "ரோட்டுக்கு எதுத்தாப்புல எங்கக்கா ஊட்டுலதானுங்க" என்று கைகாட்டினேன்.

"இப்பவுமுங்களா?"

"இப்ப வெகுதூரம் சுத்திப் போகோணுமுங்க. பாக்கெட் தயிருதான்."

அதை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை. நல்லா இருக்குதென்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பதுதான் இன்றுவரை என் சந்தேகம்.